கருவி 45 என்கிறது, லேப் 9 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: உலோகப் பாகங்களைக் கழுவிப் பெயின்ட் அடிக்கும் ஒரு தொழிற்கூடத்தில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கழுவும் தொட்டியில் ஊற்றுவது டொலுயீனும் எத்தில் அசிடேட்டும் கலந்த தின்னர், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு டொலுயீன். துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தொட்டியருகே பிஐடி கருவியை (காற்றில் உள்ள கரைப்பான் ஆவியை அளப்பது) பிடித்தால் 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் 45 பங்கு) காட்டுகிறது. அங்கே தினமும் மூன்று மணி நேரம் நிற்பவரின் சட்டைக் காலரில் கரிக்குழாய் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரி அடைத்த சிறு குழாய்) மாட்டி, ஷிஃப்ட் முழுக்கக் காற்றெடுத்து லேபுக்கு அனுப்பினோம். டொலுயீன் 9 பிபிஎம் என்று வந்தது. நான்கு வாயு மீட்டரில் எல்இஎல் (தீப்பிடிக்கும் ஆபத்தைக் காட்டும் எண்) 0, ஆக்சிஜன் 20.9, ஆனால் கார்பன் மோனாக்சைடு 12. அங்கே நெருப்பும் இல்லை, எஞ்சினும் இல்லை. "கருவி கெட்டுப்போச்சு, லேப் சொல்றதுதான் சரி" என்கிறார் மேலாளர். எல்லாக் கருவிகளுக்கும் ஒரு வருடத்துக்கான கேலிப்ரேஷன் சான்றிதழ் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் தின்னர் டாங்கைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கப் போகிறார், அதற்கும் இந்த மீட்டர்கள்தான். இன்னொன்று, சத்தம் அளக்க போன் ஆப் போதுமா? ஆப்பில் 83, வாடகைக்கு எடுத்த மீட்டரில் 88 வருகிறது.

பதில்:

வணக்கம். முதலில் உங்கள் மேலாளருக்கு: கருவி கெட்டுப்போகவில்லை, லேபும் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகின்றன. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான்.

பிஐடி என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்ளே ஒரு புற ஊதா விளக்கு இருக்கிறது. உறிஞ்சப்பட்ட காற்றில் இருக்கும் மூலக்கூறுகளில் எவற்றிலிருந்தெல்லாம் அந்த ஒளியால் ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க முடிகிறதோ அவற்றையெல்லாம் பிய்த்து, அதனால் வரும் மின்னோட்டத்தை அளக்கிறது. அந்த மூலக்கூறு டொலுயீனா எத்தில் அசிடேட்டா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. மின்னோட்டத்தை பிபிஎம்மாக மாற்ற ஏதாவது ஒரு வாயுவை வைத்துப் பழக்க வேண்டுமல்லவா, அதற்கு வழக்கமாக எடுப்பது ஐசோபியூட்டிலீன், பெரும்பாலும் 100 பிபிஎம் சிலிண்டர். ஆக, திரையில் 45 வந்தால் அதன் பொருள் "45 பிபிஎம் ஐசோபியூட்டிலீன் இருந்தால் எவ்வளவு மின்னோட்டம் வருமோ, அவ்வளவு இப்போது வருகிறது" என்பது மட்டுமே. உங்கள் தொட்டியில் ஐசோபியூட்டிலீன் ஒரு சொட்டுகூட இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் கரெக்‌ஷன் ஃபேக்டர் என்ற திருத்தக் காரணி. 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்குக்கு டொலுயீனின் காரணி சுமார் 0.5, எத்தில் அசிடேட்டுக்கு 4.6 அளவில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 6 அளவில் இருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் கருவியோடு வந்த பட்டியலில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் எண்ணைக் காரணியால் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் அதே 45, காற்றில் இருப்பது டொலுயீன் மட்டும் என்றால் 22 பிபிஎம், எத்தில் அசிடேட் மட்டும் என்றால் 207, ஆல்கஹால் மட்டும் என்றால் 270. ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: கருவியின் மெனுவில் ஏற்கெனவே யாராவது "டொலுயீன்" என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அது உள்ளேயே பெருக்கித்தான் காட்டும், நீங்கள் மறுபடி பெருக்கினால் பாதி காணாமல் போய்விடும். நீங்கள் மெனு பற்றி எதுவும் எழுதவில்லை, அதனால் ஐசோபியூட்டிலீனில் இருக்கிறது என்று வைத்தே மேலே போகிறேன்.

உங்கள் காற்றில் இருப்பது கலவை. டிரம்மில் முக்கால் பங்கு டொலுயீன் இருந்தால் காற்றிலும் முக்கால் பங்கு என்று நினைத்துவிடாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் டொலுயீனின் ஆவியழுத்தம் சுமார் 22 மில்லிமீட்டர் பாதரசம், எத்தில் அசிடேட்டுக்கு 73. திரவத்தில் கால் பங்கே இருந்தாலும் எத்தில் அசிடேட் முந்திக்கொண்டு ஆவியாகும், அதனால் புதுத் தின்னர் ஊற்றிய தொட்டியின் மேல் உள்ள ஆவி சுமாராகப் பாதிக்குப் பாதி இருக்கும். தொட்டி பழசாக ஆக எத்தில் அசிடேட் பறந்துபோய், மிச்சத்தில் டொலுயீனின் பங்கு ஏறும். அதாவது காலையில் போட்ட கணக்கு சாயங்காலத்துக்கு அப்படியே பொருந்தாது.

பாதிக்குப் பாதி என்று வைத்துக் கலவையின் காரணியைப் போடுவோம். ஒவ்வொரு ஆவியின் பங்கையும் அதனதன் காரணியால் வகுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையால் ஒன்றை வகுக்க வேண்டும். டொலுயீனுக்கு 0.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1. எத்தில் அசிடேட்டுக்கு 0.5-ஐ 4.6-ஆல் வகுத்தால் 0.11. கூட்டினால் 1.11, ஒன்றை அதால் வகுத்தால் 0.9. 45-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 40 சொச்சம், அதில் பாதி டொலுயீன், 20 பிபிஎம். (காரணிகளைச் சும்மா சராசரி எடுத்து 2.5 என்று பெருக்குகிறவர்களும் உண்டு. 45 உடனே 110-க்கு மேல் போய்விடும். அது கணக்கே அல்ல.)

சரி, தொட்டியருகே டொலுயீன் 20. அந்த ஊழியர் அங்கே நிற்பது மூன்று மணி நேரம், மற்ற ஐந்து மணி நேரம் கூடத்தின் வேறு பக்கம் இருக்கிறார், அங்கே 2 பிபிஎம் இருக்கும் என்று வையுங்கள். 20 பெருக்கல் 3, கூட்டல் 2 பெருக்கல் 5, மொத்தம் 70, அதை 8-ஆல் வகுத்தால் 8.75. லேப் சொன்னது 9. இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது ஓரளவு தற்செயல்தான், அந்த 2 நானாக வைத்தது. ஆனால் 45-க்கும் 9-க்கும் இடையில் உள்ள தூரத்துக்கு மர்மமே தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது: ஒன்று எல்லா ஆவியையும் சேர்த்துப் பார்த்தது, மற்றது கேட்ட பொருளை மட்டும் பார்த்தது. ஒன்று தொட்டியருகே அந்த நேரத்துக் கணக்கு, மற்றது மனிதரின் மூக்கருகே எட்டு மணி நேரச் சராசரி.

அதனால் "லேப் சொல்வதுதான் சரி" என்று பிஐடியைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். 8 மணி நேரச் சராசரிக்கு டொலுயீனின் வரம்பு ஏசிஜிஐஹெச் என்ற அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர் அமைப்பின் பட்டியலில் 20 பிபிஎம் (அமெரிக்கச் சட்ட வரம்பான ஓஷா எண் 200, அது பழைய எண், நான் அதை வைத்து யாருக்கும் நிம்மதி சொல்வதில்லை). 9 என்பது 20-க்குக் கீழே இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த 9-க்குள் எந்தப் பத்து நிமிடம் மோசமாக இருந்தது என்று லேப் அறிக்கையால் சொல்லவே முடியாது. தொட்டியில் புதுத் தின்னர் ஊற்றும்போது, மூடியைத் திறக்கும்போது, பாகங்களைத் தூக்கிச் சொட்டவிடும்போது என்ன ஆகிறது? தனியாகக் குறுகிய நேர வரம்பு குறிக்கப்படாத பொருள்களுக்கு அதே ஏசிஜிஐஹெச் சொல்வது, சராசரி வரம்பின் 3 மடங்கைத் தாண்டுவது ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது, அதுவும் ஒரு நாளில் ஒரு மணி நேர இடைவெளி விட்டு 4 தடவைக்கு மேல் கூடாது, 5 மடங்கு எப்போதும் கூடாது. டொலுயீனுக்கு அது 60-உம் 100-உம். இதைப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே கண் பிஐடிதான். பதிவு இடைவெளியைச் சில வினாடிகளாக வைத்து ஊழியரின் தோள்பட்டையில் மாட்டிவிட்டு, நீங்கள் கூடவே நின்று எத்தனை மணிக்கு என்ன வேலை செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் குழாயை எங்கே திருப்ப வேண்டும் என்பது லேபுக்கு அனுப்பாமலே தெரிந்துவிடும். நேரடியாக எண் காட்டும் கருவிகளின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிரூபிப்பதில் அல்ல. அந்த வேலைக்குக் கரிக்குழாயே இருக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது சாட்சி வேண்டும் என்றால் நிறம் மாறும் டிடெக்டர் ட்யூப் இருக்கிறது. கண்ணாடிக் குழாயின் இரு முனையையும் உடைத்து, அம்புக்குறி பம்ப் பக்கம் பார்க்கும்படி செருகி, சொல்லியிருக்கும் தடவை இழுத்தால், கறை எதுவரை ஓடியிருக்கிறதோ அதுவே அளவு. உடைக்காத குழாயை முதலில் செருகி இழுத்து, பம்பில் கசிவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். பிழை 25 சதவீதம் வரை இருக்கலாம், டொலுயீன் குழாய் சைலீனுக்கும் நிறம் மாறும், அதனால் தீர்ப்புக்கு அல்ல, சந்தேகம் தீர்க்க மட்டும்.

பிஐடியின் குருட்டுப் புள்ளியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயின்ட் வேலை நடக்கும் இடத்தில் இது ஒருநாள் உங்களைத் தேடி வரும். விளக்கின் ஆற்றலைவிடப் பொருளின் அயனியாக்க ஆற்றல் (அதிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான ஆற்றல்) அதிகமாக இருந்தால் கருவி அதைப் பார்க்கவே பார்க்காது. டொலுயீனுக்கு 8.8, எத்தில் அசிடேட்டுக்கு 10.0, இரண்டும் 10.6-க்குள் வந்துவிடும். மெத்தனாலுக்கு 10.85, வராது. பெயின்ட் உரிக்கும் திரவங்களில் இருந்த, சில இடங்களில் இன்னமும் இருக்கிற டைகுளோரோமீத்தேனுக்கு 11.3. அந்த ஆவி நிறைந்த அறையில் ஆள் மயங்கி விழுந்தாலும் 10.6 விளக்குப் போட்ட பிஐடி சாதுவாக 0 என்றே காட்டும். 11.7 விளக்கு அதைப் பார்க்கும், ஆனால் அதன் ஜன்னல் காற்றின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் கெட்டுப்போகும், சில மாதங்கள்கூட வராது. எந்தப் புது டிரம் உள்ளே வந்தாலும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளின் 3-ஆம் பகுதியில் என்னென்ன பொருள் என்று பார்த்து, ஒவ்வொன்றின் அயனியாக்க ஆற்றலையும் கருவிக் கையேட்டில் தேடிவிட்டு அப்புறம் கருவியை எடுங்கள். ஈரப்பதமும் ஏமாற்றும்: அது மிகுந்த காற்றில் எண் குறைவாக வரும், சென்சாரில் தூசி படிந்து அதன்மேல் நீர் கோத்தாலோ எதுவுமே இல்லாத இடத்தில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

இனி நான்கு வாயு மீட்டர். எல்இஎல் 0 என்று பார்த்து நிம்மதி அடைந்தீர்களா என்று தெரியவில்லை, அடைந்திருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எல்இஎல் என்பது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு. டொலுயீனுக்கு அந்தக் குறைந்தபட்சம் காற்றில் 1.1 சதவீதம், அதாவது 11,000 பிபிஎம். மீட்டரில் 1 என்று தெரிவதற்கே 110 பிபிஎம் வேண்டும். பல மீட்டர்கள் பூஜ்ஜியத்துக்கு அருகே உள்ள சின்ன அசைவுகளைக் காட்டாமல் 0 என்றே நிறுத்தி வைக்கவும் செய்யும். வழக்கமான முதல் அலாரம் 10-இல் அடிக்கும், அது 1,100 பிபிஎம். டொலுயீனில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று நையோஷ் (அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) குறித்திருப்பது 500 பிபிஎம். அதாவது நெருப்புக்கான அலாரம் வாய் திறப்பதற்கு வெகு முன்பே மனிதருக்கு ஆபத்து வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்தச் சென்சார்களைப் பெரும்பாலும் மீத்தேனில் பழக்கியிருப்பார்கள், டொலுயீன் போன்ற கனமான ஆவிகளுக்கு அவை உண்மையில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் காட்டும், எவ்வளவு என்பதைக் கையேடு சொல்லும். எனவே உங்கள் தொட்டியருகே 0 என்பது கருவியின் பொய் அல்ல. 40 பிபிஎம் அதன் கண்ணுக்கே தெரியாது, அது வேறு வேலைக்குப் பிறந்த கருவி.

ஆக்சிஜனும் அப்படித்தான். 20.9-லிருந்து 20.8-க்கு இறங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு ஏதோ ஒரு வாயு காற்றைத் தள்ளிவிட்டு வந்துதான் அந்த 0.1 குறைந்தது என்றால், அந்த ஏதோ ஒன்று சுமார் 4,800 பிபிஎம். அலாரம் அடிக்கும் 19.5 வருவதற்குள் அது 67,000 பிபிஎம்மாக இருக்கும். உங்கள் டாங்கையே எடுத்துக்கொள்வோம்: மூடிய டாங்கில் 20 டிகிரியில் உங்கள் தின்னரின் ஆவி முழுக்க நிரம்பி நின்றால் அது காற்றில் 4 முதல் 5 சதவீதம் வரும், எளிதாக வெடிக்கக்கூடிய கலவை. அப்போதுகூட ஆக்சிஜன் 20-ஐ ஒட்டித்தான் நிற்கும், ஆக்சிஜன் அலாரம் அடிக்கவே அடிக்காது. "ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, இறங்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் குழப்பம் மின்னணுக் கருவிகளோடு வந்ததும் அல்ல. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி செய்த சுரங்க விளக்கும் நேரடியாகக் காட்டும் கருவிதான்: மீத்தேன் இருந்தால் சுடர்மேல் நீலத் தொப்பி எழும், ஆக்சிஜன் குறைந்தால் சுடர் மங்கும். எரியக்கூடிய ஏதோ இருக்கிறது என்று சொன்னதே தவிர அது என்ன என்று அந்தச் சுடரும் சொன்னதில்லை, நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன்தான் என்று ஆட்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கார்பன் மோனாக்சைடு 12-க்கு வருவோம், எனக்கு உங்கள் கடிதத்தில் சுவாரஸ்யமாக இருந்தது இதுதான். இது மின்வேதிச் சென்சார். கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து மின்னோட்டம் எடுக்கிறது, ஆனால் அதே மின்முனையில் ஹைட்ரஜனும் ஆல்கஹால்களும் எத்திலீன் போன்றவையும் வினைபுரியும். கரிம ஆவிகளைத் தடுக்க சென்சாரின் வாயில் ஒரு சின்னக் கரி வடிகட்டி வைத்திருப்பார்கள், கரைப்பான் ஆவியிலேயே நாள் முழுக்கக் கிடக்கும் மீட்டரில் அது நிறைந்துபோய் ஆல்கஹாலை உள்ளே விட ஆரம்பித்துவிடும். நீங்கள் துடைக்கப் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் அதற்குள் "பொய் எண்" என்று எழுதி மூடிவிடாதீர்கள். பக்கத்து அறையில் பேட்டரி சார்ஜ் ஆகிறதா (அங்கிருந்து வருவது ஹைட்ரஜன்), கேஸ் ஹீட்டரோ கேஸில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டோ இருக்கிறதா, வெளிக்காற்றை இழுக்கும் குழாயின் வாயருகே வண்டிகள் நிற்கின்றனவா என்று ஒரு சுற்று பாருங்கள். மீட்டரைச் சுத்தமான வெளிக்காற்றில் வைத்தால் 0-க்கு வருகிறதா, துடைக்கும் வேலை நடக்காத நேரத்தில் அதே இடத்தில் 12 வருகிறதா, கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ட்யூபில் ஏதாவது கறை ஓடுகிறதா, இந்த மூன்றும் தெரிந்தால் விஷயம் முடிந்தது. எதிர்த் திசையிலும் இது நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: நைட்ரஜன் டைஆக்சைடு இருக்கும் காற்றில் பல சல்ஃபர் டைஆக்சைடு சென்சார்கள் எண்ணைக் கீழே இழுத்துவிடும், உண்மையிலேயே சல்ஃபர் டைஆக்சைடு இருந்தாலும் திரையில் குறைவாகத் தெரியும். கூடுதலாகக் காட்டும் கருவி தொந்தரவு, குறைவாகக் காட்டும் கருவி ஆபத்து.

சான்றிதழ் பற்றி. அது சொல்வது, அந்தத் தேதியில் அந்த லேபில் இந்தக் கருவி சரியாக இருந்தது என்பது மட்டும். அதற்கு மறுநாள் யாராவது கீழே போட்டிருக்கலாம், பக்கத்தில் சிலிகான் ஸ்ப்ரே அடித்திருக்கலாம். எல்இஎல் அளக்கும் வினையூக்கிச் சென்சாருக்குச் சிலிகான் பரம எதிரி, மசகு ஸ்ப்ரே, பாலிஷ் என்று எதிலிருந்தும் வரும். கொடுமை என்னவென்றால் மின்வேதிச் சென்சாரும் சரி, வினையூக்கிச் சென்சாரும் சரி, செத்துப்போனால் 0 காட்டும், சுத்தமான காற்றிலும் 0-தான் காட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி பம்ப் டெஸ்ட் (bump test, காற்றிழுக்கும் பம்ப் அல்ல), அதாவது சிலிண்டரிலிருந்து தெரிந்த வாயுவைச் சென்சார்மேல் விட்டு, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு நாளும், பயன்படுத்துவதற்கு முன்னால். ஆமாம், ஒவ்வொரு நாளும்தான். அதில் தோற்றால் முழு கேலிப்ரேஷன், அதிலும் தோற்றால் சென்சாரை மாற்றுவது. எல்இஎல் சென்சாரைச் சோதிக்க மீத்தேன் இருக்கும் சிலிண்டரையே வாங்குங்கள், ஏனென்றால் விஷமேறும் சென்சார் முதலில் இழப்பது மீத்தேனைக் காணும் சக்தியை. பென்டேனை வைத்துச் சோதித்தால் பாதி செத்த சென்சாரும் பாஸாகிவிடும். அப்புறம், காலையில் மீட்டரை ஆன் செய்து பூஜ்ஜியம் வைப்பதைத் தொட்டி அறைக்குள் செய்யவே கூடாது. அங்கே இருக்கும் ஆவியையே சுத்தமான காற்று என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள், அதற்கப்புறம் நாள் முழுக்க அவ்வளவும் கழிந்துதான் தெரியும்.

டாங்குக்குள் இறங்குவது பற்றி ஒரு கடிதத்தில் எல்லாம் சொல்ல முடியாது. இறங்க அனுமதிப்பது, சுவாசக் கருவி, மீட்பு ஏற்பாடு இதையெல்லாம் அந்த வேலையில் அனுபவம் உள்ள ஒருவர் உங்களோடு நின்று முடிவு செய்ய வேண்டும். கருவி சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். வெளியே நின்றபடி குழாய் விட்டு அளங்கள், மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரத்திலும். டொலுயீன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகக் கனம், அடியில் போய் உட்கார்ந்திருக்கும், மேல் வாயில் அளந்துவிட்டு வந்தால் அது அளந்த மாதிரியே இல்லை. நீளமான குழாயில் ஆவி வந்து சேர ஒரு மீட்டருக்கு ஆறேழு வினாடி விடுங்கள், அதற்கு மேல் சென்சார் முழு எண்ணுக்கு ஏற எடுக்கும் நேரம். குழாயை இறக்கி, எண் நிற்பதற்குள் தூக்கிவிடுவது தான் அதிகம் நடக்கும் தப்பு. குழாயே கரைப்பானைக் குடிக்கும் ரகமாக இருக்கக் கூடாது, டெஃப்லான் நல்லது.

எண்களைப் படிக்கும் வரிசை முதலில் ஆக்சிஜன், அடுத்து எல்இஎல், அதற்கப்புறம் நச்சு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: வினையூக்கிச் சென்சார் உள்ளே வாயுவை எரித்துத்தான் அளக்கிறது, ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது எரிக்க முடியாமல் குறைவாகக் காட்டும். டாங்கில் நைட்ரஜன் நிரப்பும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அந்த எல்இஎல் எண்ணை நம்பாதீர்கள், அகச்சிவப்புச் சென்சார் உள்ள மீட்டர் வேண்டும் (அது ஹைட்ரஜனைப் பார்க்காது, அது வேறு கதை). எண் விறுவிறுவென ஏறி, பிறகு கீழே இறங்கினால் ஆவி குறைந்துவிட்டது என்று எடுக்காதீர்கள், எரிவதற்கான மேல்வரம்பையே தாண்டிப் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், நான்கு வாயு மீட்டர் மட்டும் இந்த டாங்குக்குப் போதாது. ஏன் என்பது மேலே 500, 1,100 கணக்கில் வந்துவிட்டது. பிஐடியும் கூடவே இருக்க வேண்டும், அதன் அலாரத்தை உங்கள் கலவைக்கான காரணி போட்டுத் தாழ்வாக வையுங்கள். இறங்குவதற்கு முன் ஒருமுறை நன்றாக வந்த எண், அடியில் உள்ள கசடைச் சுரண்ட ஆரம்பித்ததும் செல்லாது. அதற்குள் அடைபட்ட தின்னர் அப்போதுதான் வெளியே வரும், அதனால் ஆள் உள்ளே இருக்கும் வரைக்கும் இரண்டு கருவிகளும் அவர் உடம்பில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் சாதாரண போனையும் எடுத்துப் போகாதீர்கள், தீப்பொறி வராத வகை என்று சான்று பெற்ற கருவிகள் மட்டும்.

போன் என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. 83-க்கும் 88-க்கும் வெறும் 5 தானே என்று தோன்றும், ஆனால் டெசிபலில் 5 என்றால் ஒலி ஆற்றலில் மூன்று மடங்குக்கு மேல். நையோஷ் கணக்கில் 85-இல் 8 மணி நேரம் இருக்கலாம், 88-இல் 4 மணி நேரம்தான், ஒவ்வொரு 3-க்கும் நேரம் பாதியாகும். போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, சத்தம் ஏறினால் அதுவே அடக்கிக்கொள்ளும். அதில் வெளி மைக் மாட்டி, கேலிப்ரேட்டர் வைத்துச் சரிபார்த்தால் சில ஆப்கள் நன்றாகவே வரும், மாட்டாமல் காட்டும் எண்ணை எங்கே சத்தம் அதிகம் என்று தேட மட்டும் பயன்படுத்துங்கள். வாடகை மீட்டரோடு 94 அல்லது 114 டெசிபல் தரும் கேலிப்ரேட்டரையும் கேட்டு வாங்குங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும் அதைப் பொருத்திப் பார்த்து எண் சரியாக வந்தால் 88-தான் உங்கள் எண். அப்படியானால் அங்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள், அங்குமிங்கும் நடமாடுகிறவர்களுக்கு மீட்டரை விட்டுவிட்டு, தோளில் மாட்டும் டோசிமீட்டர் (நாள் முழுக்க அவர் கேட்ட சத்தத்தைக் கூட்டிச் சொல்லும் கருவி) வையுங்கள்.